இரண்டு சனிக்கிழமை வந்த வாரம்

கடவுள் இல்லை என்று எடுத்துச் சொல்லத்தான் கட்சி மேலிடத்தில் என்னைக் கொசரித்ஸா என்ற மலையூரின் படிப்பகத்துக்கு அனுப்பினார்கள். போன முதல் வாரமே படிப்பகத்து அடுப்புக்கு விறகு இல்லாமல், கோயில் விறகில் இரண்டு சுமை கேட்டு வாங்கினேன். பாதர் காவ்ரில் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். "எரியும்போது எல்லாம் ஒரே சூடுதான் மவளே" என்றார். அந்த ஊரில் என் நாத்திகம் அப்படி ஆரம்பித்து, பெரும்பாலும் அப்படியே இருந்தும் போனது.

படிப்பகம் என்றால் ஒரே அறை. ஒரு பக்கம் புத்தக அலமாரி, ஒரு பக்கம் இரும்பு அடுப்பு, நடுவில் நாலு பெஞ்சு. பகல் முழுக்க அடுப்பு எரிகிற இடம் ஊரிலேயே அது ஒன்றுதான். மலையில் உருளைக்கிழங்கு தோண்டி முடிந்து, ஆடுகளும் பட்டியில் அடைந்துவிட்டால், பெண்கள் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஊசி நூலோடு வந்துவிடுவார்கள். வாசிப்பு ஆர்வம் பெருகிவிட்டது என்று நான் மேலிடத்துக்கு எழுதுவேன். சூட்டுக்காக வருகிறார்கள் என்பது எனக்கும் தெரியும், மேலிடத்துக்கும் தெரிந்திருக்கும். கை வேலை செய்கிறது, காது சும்மாதானே இருக்கிறது என்று நான் உரக்க வாசிக்க ஆரம்பித்தேன்.

அந்தக் குளிர்காலத்துக்கு வாய்த்தது அட்டை கிழிந்து பெயர் தெரியாமல் போன ஒரு தடித்த புத்தகம். வடக்கே பனிக்கடலுக்குப் போன கப்பல் ஒன்று ஐஸில் மாட்டிக்கொள்கிறது. இருபது பேர் அதற்குள் இரண்டு குளிர்காலத்தைத் தள்ள வேண்டும். கடலையே பார்க்காத அந்தப் பெண்கள் முதல் நாளே கப்பலில் ஏறிவிட்டார்கள்.

"இருபது பேரு போனாங்களே, ஒரு ஆட்டையாவது கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள் ஸ்தாங்கா. என் பக்கத்து வீட்டுக்காரி. ஊர் வாயெல்லாம் அவள் வாய் வழியாகத்தான் வரும்.

"ஆட்டுக்கு என்னத்தப் போடுவாங்க? கப்பலையா திங்கும்?" என்றாள் தோனா.

"சரி, கேப்டன் பொண்டாட்டி ஊருல என்ன செய்யுதா? அதச் சொல்லலியே டீச்சர்?"

"அதை எழுதலை" என்றேன்.

"எழுதினவன் ஆம்பளையாத்தான் இருப்பான்" என்று தோனா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

தோனாவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். எந்த நாளில் பால் வெளியே கொடுக்கக் கூடாது, எந்த நாளில் துணி துவைக்கக் கூடாது, இறந்தவர்களுக்கு எத்தனையாம் நாள் கோதுமை அவிக்க வேண்டும் என்று ஊரே அவளிடம்தான் கேட்கும். தாய் செத்த பிறகு தம்பி நைதெனைத் தன் முதுகில் கட்டி வளர்த்தவள் அவள். அந்தத் தம்பிக்கு நெதெல்யாவைக் கட்டிவைத்ததும் அவள்தான். ஆனால் கட்டிவைத்த நாளிலிருந்து அவளுக்குத் தம்பி பெண்டாட்டியைப் பிடிக்கவில்லை. பதினோரு வருஷமாகப் பிள்ளை இல்லை என்பது ஒரு காரணம். ரொட்டி அடிபிடிக்க விடுகிறாள், சத்தம் போட்டுச் சிரிக்கிறாள் என்பவை மற்றவை.

நெதெல்யா மூலையில் ஜன்னலோரம் உட்காருவாள். முப்பத்து மூன்று வயது, கொஞ்சம் பருத்த உடம்பு, வேகமான கை. அந்த அக்டோபர் வரைக்கும் நிஜமாகவே சத்தம் போட்டுச் சிரிக்கிறவள்தான்.

நைதென் கொத்தனார். பனி இறங்குகிற வரைக்கும் சமவெளிப் பட்டணங்களில் வேலை செய்துவிட்டு, குளிர்காலத்துக்கு வீடு வருவான். அந்த அக்டோபரில் பூச்சு வேலை நடக்கும்போது மழையில் நனைந்த சாரப்பலகை வழுக்கி இரண்டாம் மாடியிலிருந்து விழுந்துவிட்டான். இடுப்பெலும்பு நொறுங்கியது. நெதெல்யா போய்ப் பத்து நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தாள். இங்கே ஒரு பசு, பதினாலு ஆடு, மலைப்பாதையில் எப்போது வேண்டுமானாலும் விழக் காத்திருந்த பனி. திரும்பி வந்துவிட்டாள். வந்தவள் சாப்பிடாமல் மெலிய ஆரம்பித்தாள்.

நவம்பர் முதல் வாரம் கடிதம் வந்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து, "நீங்க சத்தமாப் படிங்க டீச்சர், எனக்கு அவங்க குரல்ல கேக்கணும்" என்றாள். என் குரலில் எப்படி அவன் குரல் வரும் என்று கேட்க மனசில்லாமல் படித்தேன்.

"எலும்பு கூடலியாம். இருபத்தஞ்சாம் தேதி செவ்வாக்கிழமை திரும்ப அறுத்து வைக்கப் போறாங்க. பயப்படாத. இங்க குடுக்கிற சட்டை மருந்து நாத்தம் அடிக்கு. அன்னைக்கு உள்ள போகும்போது உன் கையால தச்ச புதுச்சட்டையோட போவணும்னு இருக்கு. பசு சினையா இருக்கா இல்லையா, அத எழுதல நீ."

பட்டாளத்துக்குப் போனாலும் சுரங்கத்துக்குப் போனாலும், பெண்டாட்டியோ தாயோ கையால் தைத்த புதுச்சட்டையில்தான் அந்த ஊரில் ஓர் ஆம்பளை கிளம்புவான். கழுத்து, மணிக்கட்டு, கீழோரம் என்று திறந்திருக்கிற இடமெல்லாம் சிவப்பு நூலில் குறுக்குத் தையல் ஓட வேண்டும். கெட்டது நுழையும் வாசல்கள் அவை.

"கலியாணச் சட்டைக்கு அப்புறம் அவனுக்கு என்னத்தட்டி தச்ச நீ?" என்றாள் தோனா எல்லார் முன்னாலும். "கடைச்சட்டையப் போட்டுட்டு ஏறினான். விழுந்தான்."

"அவங்கதான் மதினி, கடைச்சட்டை எடுப்பா இருக்குன்னாங்க."

"ஆம்பளை ஆயிரஞ் சொல்லுவான்."

நெதெல்யா வீட்டுக்கு எழுந்து போனாள். பெட்டியில் வைத்திருந்த சணல்துணியை எடுத்து அன்றைக்கே வெட்டினாள். அடுத்த நாளிலிருந்து அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது. தைக்கும்போது உதடு அசையும். பாட்டா என்று கேட்டேன்.

"ஜெபம். ஒரு குறுக்குத் தையலுக்கு ஒரு 'ஆண்டவரே இரங்கும்'. கழுத்துக்கு மட்டும் நானூறு வரும் டீச்சர்." கொஞ்சம் வெட்கப்பட்டு, "உங்க படிப்பகத்துல இதெல்லாம் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"மெதுவாச் சொல்லுங்க" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒரு சண்டை வந்தது. நான் உள்ளே போவதில்லை. ஆனால் வாசல் வரைக்கும் போய் நிற்பேன், ஊர்ச் சேதி அங்கேதான் கிடைக்கும்.

எங்கள் பக்கத்தில் நவம்பரில் ஓநாய் நாட்கள் என்று பதினோரு நாள் உண்டு. அந்த நாட்களில் பெண்கள் ஊசியைத் தொடக் கூடாது, கத்தரிக்கோலைத் திறக்கக் கூடாது. அப்போது தைத்த துணியை உடுத்துகிற ஆம்பளையை அவன் விடமாட்டான். ஓநாயைத்தான் 'அவன்' என்பார்கள், நேரே பெயரைச் சொன்னால் வந்துவிடும். கடைசி நாள் நொண்டியின் நாள். கூட்டத்துக்குப் பின்னால் தனியாக நொண்டிக்கொண்டு வருகிற கிழட்டு ஓநாய்தான் இருப்பதிலேயே பொல்லாதது என்பதால், பதினோரு நாளில் அந்த நாள்தான் மோசம். அது காட்டில் வந்துதான் கடிக்க வேண்டும் என்றில்லை. காய்ச்சலாக வரும், சரிகிற மரமாக வரும். தேவதூதரான மிக்கேல் சம்மனசின் திருநாள் கழிந்து மூன்றாம் நாள் தொடங்கும் என்பது கணக்கு.

சிக்கல் என்னவென்றால், முந்தின டிசம்பரில்தான் கோயில் காலண்டரைப் பதிமூன்று நாள் முன்னால் தள்ளியிருந்தார்கள். போன வருஷம் வரைக்கும் இருபத்தொன்றாம் தேதி வந்த சம்மனசு இந்த வருஷம் எட்டாம் தேதியே வந்து போய்விட்டார்.

"அப்ப ஓநாய் நாளு நாளன்னைக்கா தொடங்குது? இல்ல எப்பவும் போல இருபத்துநாலா சாமி?" என்று ஸ்தாங்கா கேட்டாள்.

"கோயில் காலண்டர்ல ஓநாய்க்கு நாளே கெடையாதும்மா" என்றார் பாதர் காவ்ரில்.

"அது தெரியும் சாமி. என்னைக்குத் தொடங்குது?"

பாதர் வானத்தைப் பார்த்தார். "எல்லாத் திருநாளும் மாறியாச்சு. சம்மனசே மாறிட்டாரு."

"சம்மனசு மாறுவாரு" என்றாள் தோனா. "பெரிய சாமிமாரு காயிதம் போட்டா அவரு கேக்கணும். அவன் எதுக்குக் கேப்பான்? காட்டுக்குள்ள போயி அவனுக்கு யாரு தாக்கல் சொன்னது?"

ஆம்பளைகள் சிரித்தார்கள். பெண்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. மலைமேல் ஆடு வைத்திருக்கிறவர்களுக்கு அது நியாயமான கேள்வி. கடைசியில் தோனாவே தீர்ப்புச் சொன்னாள். ரெண்டையும் காத்துக்கிடுவோம். பதினொன்றிலிருந்து இருபத்தொன்று வரை கோயில் கணக்கு, இருபத்துநாலிலிருந்து அவன் கணக்கு.

நெதெல்யா விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். "நடுவுல ரெண்டே நாளு. அதுல ஒண்ணு ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை எவடி தைப்பா? சனிக்கிழமை இருக்குல்லா, இருபத்திரண்டு. எல்லாரும் உக்காந்தா ஒரு நாள்ல முடியும். ஞாயித்துக்கிழமை விடிகாலை பஸ் கீழ போகும். போதும்" என்றாள் தோனா.

மறுநாள் சாயங்காலம் படிப்பகத்திலேயே ஓநாய்க்கு வாய் கட்டினார்கள். தோனா கண்ணை மூடிக்கொண்டு, கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய், தன் பாவாடை ஓரத்தைத் தைத்தாள்.

"என்னத்தத் தைக்கே?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

"அவன் வாயத் தைக்கேன்."

"என்னத்தத் தைக்கே?"

"அவன் கண்ணத் தைக்கேன்."

மூன்றாம் தடவை காது. பிறகு ஊரில் இருந்த கத்தரிக்கோல்களையெல்லாம் வாய் மூடி நூலால் சுற்றிக் கட்டினார்கள். என் மேசையில் இருந்த காகிதம் வெட்டுகிற கத்தரிக்கோலையும் விடவில்லை. பாதி தைத்த சட்டையை நெதெல்யா ஒரு தலையணை உறையில் போட்டு வைத்தாள். கைகள் இன்னும் உடம்போடு சேரவில்லை, மணிக்கட்டுத் தையல் முழுசும் பாக்கி.

கை சும்மா இருந்த அந்தப் பதினோரு நாள் இருக்கிறதே, அதைத்தான் நான் மறக்கவில்லை. மற்றவர்களுக்கு அது ஓய்வு. வருஷம் முழுக்க உழைத்தவர்கள் பூசணி விதை கொறித்துக்கொண்டு கதை கேட்டார்கள். நெதெல்யா மட்டும் மடியில் கையை வைத்து ஒன்றோடொன்று பிசைந்துகொண்டிருப்பாள்.

"கை சும்மா இருந்தா தலை வேலை செய்யுது டீச்சர். தலை செய்யுற வேலை ஒண்ணும் நல்லால்ல."

"ஜெபம் பண்ணலாமே" என்றேன். என் வாயிலிருந்து இது வந்தது என்று மேலிடத்துக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்.

"ஊசி இல்லாம அது நிக்க மாட்டேங்கு. ரெண்டு தடவை சொல்லதுக்குள்ள அவங்க விழுந்த இடத்துக்குப் போயிருது மனசு."

அதனால் நான் வாசித்தேன். மற்றவர்கள் வருவதற்கு முன்பே அவள் வந்துவிடுவாள், போன பிறகும் இருப்பாள். தொண்டை கட்டிக்கொள்ளும். ரோஜாக்காய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தேன் விட்டுக் கொடுப்பாள். கப்பலில் மாவு குறைந்துகொண்டு வந்தது. இனி எதற்கு இந்தப் பாடு என்று சாகத் தயாராகிவிட்ட ஆட்களைக் கேப்டன் தினமும் காலையில் எழுப்பிச் சவரம் பண்ண வைத்தான். ஐஸை உருக்கி, நடுங்கும் கையோடு, ஒருத்தன் முகத்தை ஒருத்தன் வழித்தார்கள்.

"திரும்பப் படிங்க அத" என்றாள். படித்தேன்.

"எங்க வீட்டு ஆளு ஈஸ்டருக்குத்தான் சவரம் பண்ணுவாங்க. அதுக்கும் நான் சண்டை போடணும்" என்று சொல்லி, அத்தனை நாளுக்குப் பிறகு கொஞ்சம் சிரித்தாள். வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு அடை சுட்டு, ஒரு துண்டு தின்றதாக மறுநாள் என்னிடம் வந்து ஒப்பித்தாள். எனக்குப் பரிசு வாங்கின மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ புத்தகம் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த அடைத்துண்டுக்கு ஈடாக எதுவும் வரவில்லை.

பதினேழாம் தேதி பனி கொட்ட ஆரம்பித்தது. மூன்று நாள் விடவில்லை. கம்பங்கள் சாய்ந்து கரண்டு போயிற்று, ரேடியோ ஊமையானது. பஸ் நின்றுவிட்டது. பக்கத்து ஊர்ப் பூசைக்குப் போன பாதர் காவ்ரில் அங்கேயே மாட்டிக்கொண்டதால் மணியடிக்கவும் ஆள் இல்லை. ஊருக்குத் தேதி சொல்ல மிச்சம் இருந்தது என் படிப்பகச் சுவரில் தொங்கிய நாட்காட்டி ஒன்றுதான். தினம் ஒரு தாள் கிழிக்கிற வகை. ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் சமையல் குறிப்பு, கைவைத்தியம் என்று ஏதாவது அச்சடித்திருக்கும்.

இருபத்தொன்றாம் தேதி நொண்டியின் நாள் முடிந்து, நாட்காட்டியில் இருபத்திரண்டு, சனிக்கிழமை என்று வந்தது. பத்து மணி வாக்கில் ஸ்தாங்காவின் புருஷன் ஒரு சேதியோடு வந்தான். வனத்துறை லாரி பனியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து சேர்ந்துவிட்டது, நாளை விடிந்ததும் கீழே போகிறது, அதன் பிறகு எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

நெதெல்யா தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கத்தரிக்கோல்களின் கட்டை அவிழ்த்தார்கள். ஸ்தாங்கா இடது கையை எடுத்தாள், இன்னொருத்தி அக்குள் துண்டை வைத்துத் தைத்தாள். ஜன்னல் பக்கத்தில் பனி வெளிச்சத்தில் கண் கூசியது. நெதெல்யா மணிக்கட்டில் சிவப்பு நூலை ஓட்டிக்கொண்டே ஏதோ மெட்டை முனகினாள். உதடும் அசைந்தது. ரெண்டும் எப்படி ஒன்றாக முடிந்ததோ!

தோனா கொஞ்சம் பிந்தி வந்தாள். கதவைத் திறந்து எங்களைப் பார்த்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு கை ஏப்ரன் பைக்குள் போயிற்று. நாட்காட்டியைப் பார்த்தாள், நெதெல்யாவைப் பார்த்தாள்.

"கதவைச் சாத்துங்க மதினி, விரல் விறைக்கு" என்றாள் நெதெல்யா நிமிராமலே.

தோனா கதவைச் சாத்தினாள். சால்வையைக் கழற்றி மடித்து வைத்தாள். "கீழோரத்த இங்க தா. உன் தையலு கோணும்" என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

விளக்கேற்றுவதற்கு முன்பே சட்டை முடிந்துவிட்டது. நெதெல்யா அதைத் தன் தோளோடு வைத்துப் பார்த்தாள். பிறகு சத்தம் போட்டுச் சிரித்தாள், அவளுடைய பழைய சிரிப்பு. தோனா திட்டவில்லை.

மறுநாள் விடியலில் லாரிப் பக்கம் போனோம். ஆஸ்பத்திரியில் டிரைவர் சேர்க்க வேண்டிய பொட்டலத்தை நெதெல்யா உள்ளே பத்திரமாக வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டிரைவரிடம், "ஞாயித்துக்கிழமை கூட விடமாட்டாங்களா உங்கள?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"நாளைக்கில்ல ஞாயிறு? இன்னைக்குச் சனி டீச்சர். மத்தியானத்தோட சரக்குக் கிட்டங்கிய அடைச்சிருவான், அதான் பறக்கேன்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு ஸ்தாங்காவின் முட்டைக்கோஸ் ஞாபகத்துக்கு வந்தது. இருபதாம் தேதித் தாளின் பின்பக்கம் முட்டைக்கோஸ் ஊறப்போடும் பக்குவம் இருந்தது. அதை அன்று காலையிலேயே கிழித்து அவளிடம் கொடுத்திருந்தேன். அடுத்த நாள் காலையில், வழக்கம்போல, நேற்றைய தாள் என்று நினைத்து இன்னொன்றையும் கிழித்துவிட்டேன். நாங்கள் சட்டை தைத்த நாள் சனிக்கிழமை இல்லை. வெள்ளிக்கிழமை. இருபத்தொன்று. நொண்டியின் நாள்.

லாரி உறுமிக்கொண்டு நின்றது. கத்தியிருக்கலாம். கத்தவில்லை. நான்தான் இதையெல்லாம் நம்பாதவள் ஆயிற்றே. லாரி வளைவில் மறைந்த பிறகும் அங்கேயே நின்று, விரலை மடக்கி நாட்களைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். படிப்பகத்துக்குத் திரும்பி வந்து அன்று தாளைக் கிழிக்காமல் விட்டேன். நாட்காட்டி சரியாகிவிட்டது. அந்த வாரத்துக்கு மட்டும் இரண்டு சனிக்கிழமை.

செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்று தந்தி வந்தது. நெதெல்யா மாதா படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன். வெள்ளிக்கிழமை இரண்டாவது தந்தி வந்தது. ரத்தக்கட்டி ஒன்று நெஞ்சுக்கு ஏறி, பேசிக்கொண்டிருக்கும்போதே நைதென் இறந்துபோயிருந்தான்.

அந்தச் சட்டையோடுதான் ஊருக்கு வந்தான். பெட்டியைத் திறந்தபோது ஊர் முழுக்க அந்தச் சட்டையைப் பார்த்தது. அடக்கம் முடிந்து நாலாம் நாள், சாவுக்கு முன்னால் அவன் ஆப்பரேஷனுக்காகக் காத்திருந்தபோது எழுதிய கடிதம் வந்தது. இந்தத் தடவையும் நான்தான் சத்தமாகப் படித்தேன்.

"சனிக்கிழமை சாயங்காலமே சட்டை வந்துட்டு. உடனே போட்டாச்சு. வார்டே வந்து பாத்துச்சு. கழுத்து கொஞ்சம் இறுக்கம். நான் மெலிஞ்சிருப்பேன்னு நெனச்சிட்ட போலுக்கு. பசு விசயத்த இன்னும் எழுதல நீ."

நெதெல்யா கடிதத்தை வாங்கி மடித்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு யாரும் கிழமையைக் கணக்குப் பார்க்கவில்லை.

ஜனவரியில் நாற்பதாம் நாள் வந்தது. கல்லறையில் பாதர் காவ்ரில் ஜெபம் சொல்லி முடித்ததும் எல்லாரும் வீட்டுக்கு வந்தோம். பெரிய மொச்சைச் சாறு, ரொட்டி, ஒயின். நடுவில் அவித்த கோதுமை, மேலே சர்க்கரையைப் பரப்பி அக்ரூட் பருப்பால் சிலுவை வைத்திருந்தது. தோனாதான் முந்தின நாளெல்லாம் நின்று அவித்தாள். அது இறந்தவனின் பங்கு. அந்த ஊரில் பைபிள் மேல்கூடப் பொய்ச்சத்தியம் பண்ணிவிடுவார்கள், அந்தக் கோதுமைக்கு முன்னால் வாயைத் திறக்கப் பயப்படுவார்கள்.

ஸ்தாங்கா கெட்டவள் இல்லை. மனசில் ஒன்று உறுத்தினால் அவளால் அடக்க முடியாது, அவ்வளவுதான். ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்து யோசித்துக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. சனிக்கிழமை சாயங்காலம் சட்டை கைக்கு வந்துட்டுன்னு எழுதியிருக்காரு. நாம சனிக்கிழமைதான உக்காந்து தச்சோம்? லாரி மறுநாள்தான போச்சு? அப்ப நாம தச்சது எந்தக் கிழமை?"

ஒவ்வொருத்தியும் மனசுக்குள் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். 'நொண்டி' என்று யாரோ மூச்சுக்குள் சொன்னார்கள்.

நெதெல்யா கையில் இருந்த ரொட்டியை வைத்துவிட்டாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "ஆமா... சனிக்கிழமைன்னுதான் எழுதியிருக்காங்க" என்று தனக்குத்தானே சொன்னாள். "அப்ப நான்தானா? நான் தச்சதுதானா அவங்கள..."

நான் எழுந்துவிட்டேன். தப்பு என்னுடையது, தாளைக் கிழித்தது நான் என்று சொல்லத்தான் எழுந்தேன். சொல்லியிருந்தால் நாள் தப்பு என்பது உறுதியாகியிருக்கும், அவள் தலையில் அது இடியாக இறங்கியிருக்கும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தோனாவுக்கு உறைத்தது. என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"ஏ ஸ்தாங்கா. இந்த ஊருல நாளு எண்ணுறது நீயா நானா?"

"நீங்கதான். அதுக்காக..."

"காய்ச்சல்ல கெடந்தவனுக்குச் சனியும் தெரியாது ஞாயிறும் தெரியாது. என்னமோ எழுதிட்டான். நாம தச்சது சனிக்கிழமை. இருபத்திரண்டு. நொண்டி நாளு முந்தின நாளே போயிட்டு. நான் எண்ணினேன்." வலது கையை நீட்டிக் கோதுமைத் தட்டின் மேல் வைத்தாள். சர்க்கரையில் அவள் உள்ளங்கை பதிந்தது. "என் தம்பி கோதுமை மேல சத்தியம். போதுமா?"

பாதர் காவ்ரில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்தாங்கா தலையைக் குனிந்துகொண்டாள். "போதும்க்கா. மன்னிச்சிரு நெதெல்யா, என் வாயி அப்படி" என்றாள்.

நெதெல்யா தோனாவின் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். தம்பி செத்த நாளில்கூட அவர்கள் இரண்டு பேரும் தொட்டுக்கொண்டதை நான் பார்க்கவில்லை. "சரி விடு, சாறு ஆறுது பாரு" என்று தோனா அவள் முதுகில் தட்டினாள்.

ஆட்கள் கலைந்த பிறகு தட்டுகளைப் பனியில் தேய்க்கத் தோனா முற்றத்துக்கு வந்தாள். நானும் போனேன்.

"ரெண்டு தாளக் கிழிச்சது நீதான?" என்றாள் தட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாக்கா. எப்படித் தெரியும்?"

"பையில பதினோரு மக்காச்சோள மணி போட்டு வச்சிருந்தேன். தெனம் பொழுது சாஞ்சதும் ஒண்ணாக் கோழிக்குப் போடுவேன். அன்னைக்கு வாசல்ல நின்னு தொட்டுப் பாத்தேன். இன்னும் ஒண்ணு பாக்கி இருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா லாரி நிக்குமா? ஊசியைக் கையில பிடிச்சதும் அவ முகத்தப் பாத்தேன். அவனுக்கும் புதுச்சட்டையோட போவணும்னு ஆசை. ஒரு நாளுதானே, நொண்டிக்குக் கண்ணு மறைச்சுப் போயிரும்னு நெனச்சேன்." தட்டை வைத்தாள். "மறைக்கல."

"அக்கா, அது ரத்தக்கட்டி. டாக்டர் எழுதியிருக்கார். அவனுமில்ல ஒருத்தனுமில்ல. தப்பு என்னோடது..."

"நீ படிச்சவ. உனக்கு டாக்டர் இருக்காரு, அவரு சொன்னத நீ வச்சுக்கோ. எனக்குத் தெரிஞ்சத நான் வச்சுக்கிடுதேன். அவ தலையில ஒண்ணும் வேண்டாம். சின்னவ, இன்னும் நாப்பது வருசம் தைக்கணும், சிரிக்கணும்." என் கையைப் பிடித்து அழுத்தினாள், விரலெல்லாம் ஐஸாக இருந்தது. "நீ வாயத் தொறந்தேன்னா உன்ன இந்த ஊருல இருக்க விட மாட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஊரிலேயே முப்பத்தொரு வருஷம் இருந்தேன். கப்பல் கதையை அந்தக் குளிர்காலத்திலேயே முடித்தோம். அதற்குப் பிறகு நெதெல்யா தானாகவே படிக்க ஆரம்பித்து, என் அலமாரியில் பாதியைத் தின்று தீர்த்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டை தைத்தாள். சிரிப்பும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

தோனா அதன் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தாள். கோயிலுக்கு ஒரு நாள் தவறவில்லை. ஆனால் அந்த ஜனவரிக்குப் பிறகு, பாவத்தைப் பாதரிடம் சொன்ன பிறகே வாங்கக்கூடிய திருவிருந்துக்கு அவள் ஒரு தடவைகூட முன்னால் போகவில்லை. கதவோரத்தில், மெழுகுவர்த்தி விற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொள்வாள். தம்பி போன துக்கம் என்று ஊர் நினைத்தது. ஈஸ்டர் அன்று நானும் வாசலில் நிற்பேன், அவளுக்கும் எனக்கும் நடுவில் படி ஒன்றுதான். உள்ளேயிருந்து நெதெல்யா அவளைத் தேடிக்கொண்டு வருவாள்.

"மதினி, இன்னைக்காவது வாங்க. பாதர் காத்துக்கிட்டு நிக்காரு."

"முட்டி வலிக்குட்டி. அம்புட்டுத் தூரம் நடக்க முடியாது. நீ போயி எனக்கும் சேத்து வாங்கிக்கோ."

நெதெல்யா போவாள். தோனா கதவோரத்திலேயே நின்று, அவள் முன்னால் போய்த் தலை குனிந்து வாங்குவதை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.